காற்று பிரிந்ததா?

காலையில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் கேட்பார். அவர் போனதும் சின்ன டாக்டர் வந்து கேட்பார். ஊசி போட வரும் சிஸ்டர் கேட்பார். கட்டிலுக்கு அடியில் துடைக்க வரும் அம்மாகூட, தனக்கும் அதில் ஒரு பங்கு இருப்பதுபோல, "ஐயாவுக்குக் காத்து பிரிஞ்சுதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்வார்.

என் அப்பா நாலு பேர் நடுவில் கொட்டாவி விடக்கூடக் கூச்சப்படுகிறவர். ஏப்பம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவரிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இந்தக் கேள்வி. முதல் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே, பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி, "இல்ல சார்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அப்பாவுக்கு வந்தது குடல் அடைப்பு. அடைத்தது ஆரஞ்சுப் பழம். அதை வாங்கி வந்து, உரித்து, "அந்த வெள்ளை நாரை எடுக்காதீங்கப்பா, அதுலதான் சத்து" என்று சொல்லிச் சொல்லித் தினமும் தின்ன வைத்தது நான்.

அப்பாவுக்கு அப்போது வயது 74. இரண்டு வருடங்களாக மலச்சிக்கல். நானோ கையில் கிடைக்கிற ஆரோக்கியக் குறிப்பை எல்லாம் படிக்கிற ஆள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும் என்று படித்தேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்படிப்பட்ட வயிற்றுக்குப் போட்டது என்று நான் யோசிக்கவில்லை. காலையில் கோதுமைத் தவிடு ஒரு கரண்டி, பதினொரு மணிக்கு இரண்டு ஆரஞ்சு, மாலையில் உலர்ந்த அத்திப்பழம், ராத்திரி பச்சைக் கேரட். அப்பா எதையும் மறுத்துப் பேச மாட்டார். பேப்பர் படித்துக்கொண்டே சுளையை வாயில் போடுவார்; இரண்டு மெல்லு, ஒரு விழுங்கு. மேலும் கீழும் பல்செட். அது சுளைத் தோலைக் கிழிக்காது, நசுக்கிச் சாற்றை மட்டும் இறக்கும். போதாக்குறைக்கு, ராத்திரி எழுந்திருக்க வேண்டி வருமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார்.

தவிட்டைத் தண்ணீர் இல்லாமல் தின்பது சிமெண்டைக் குழைத்துக் குழாயில் விடுவது மாதிரி என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அது என் காதிலேயே இருந்தது.

வலி ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பித்தது. இழுத்துப் பிடிக்கும், அப்பா கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொள்வார், ஒரு நிமிடத்தில் விட்டுவிடும். விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல, "நீ போய்ப் படும்மா" என்பார். நாலைந்து நிமிடம் கழித்து மறுபடி. பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு இந்தத் தாளம் தெரிந்திருக்கும். குடல் ஒரு தசைக்குழாய். முன்னால் வழி அடைபட்டால் அது சும்மா இருக்காது. அலையலையாகச் சுருங்கித் தள்ளிப் பார்க்கும். விட்டு விட்டு வலிக்கிறவரை குடல் போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விடாமல் ஒரே சீராக வலிக்க ஆரம்பித்தால், கூடவே காய்ச்சலும் வந்து நாடியும் ஓடினால், குடலுக்கு ரத்தம் போவது தடைபட்டு அது அழுகத் தொடங்கியிருக்கலாம். அப்புறம் நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

விடிந்ததும் அப்பா பாத்ரூம் போய்விட்டு வந்து, "கொஞ்சம் போச்சு" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. போனால் அடைப்பு இல்லை என்று அர்த்தம் என நினைத்தேன். முதல் தப்பு அதுதான். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே கிடந்தது வெளியே வர என்ன தடை? அது போகும். மேலே இருப்பது அங்கேயேதான் நிற்கும். இரண்டாவது தப்பு, மீதியும் போகட்டும் என்று இரண்டு பேதி மாத்திரை கொடுத்தது. அது குடலைத் தூண்டிச் சுருங்க வைக்கும் வகை. மூடின கதவில் முட்டிக்கொண்டிருந்த குடலைப் பார்த்து, இன்னும் பலமாக முட்டு என்று சொன்னேன். குடல் அடைப்பு இருந்தால் இதைக் கொடுக்கக் கூடாது என்று டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளிலேயே அச்சடித்திருக்கிறது. அதை யார் பிரித்துப் படிக்கிறார்கள்? நான் படித்தேன், நாலு நாள் கழித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து.

மதியத்துக்குள் வாந்தி. முதலில் சாப்பிட்டது, அப்புறம் மஞ்சள், அப்புறம் பச்சை. சாயங்காலம் வயிறு மத்தளமாக உப்பிவிட்டது. முதலில் போன இடத்தில் கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஊசியில் வலி மங்கியதும் எங்களுக்கும் அந்த 'கேஸ்' பிடித்துப்போனது. அதைவிட ஆறுதலான நோய் உண்டா? ராத்திரி வாந்தி பழுப்பாகி, மல நாற்றம் அடித்தபோதுதான் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் முதலில் செய்த காரியம் சட்டையைத் தூக்கியது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோடாகப் பழைய தழும்பு.

"இது எப்போ ஐயா?"

"எண்பத்து நாலு. அல்சர் ஆபரேஷன்."

"வயித்துல ஒரு பகுதியை எடுத்தாங்களா?"

"எடுத்தாங்கன்னுதான் சொன்னாங்க."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அதைக் கழற்றி என் காதில் மாட்டினார். காலிக் குடத்தின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற மாதிரி, மெல்லிய, கணீரென்ற சத்தம். காற்றும் நீரும் நிரம்பி இறுகின குடலுக்குள் அலை மோதினால் அப்படிக் கேட்குமாம்.

அந்தத் தழும்பு எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். சின்ன வயதில் அதன்மேல் விரலால் ரயில் ஓட்டி விளையாடியிருக்கிறேன். ஆனால் அப்பாவின் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றியபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

இந்த அல்சர் ஆபரேஷன் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் பலர் வயிற்றில் இந்தத் தழும்போடு நடமாடுகிறார்கள். அந்தக் காலத்தில் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் அமிலமும் என்றுதான் நினைத்தார்கள். மருந்துக்கு அடங்காவிட்டால் கத்திதான். அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் வேகஸ் நரம்பை வெட்டுவார்கள். சிலருக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு நேராக இணைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் அந்தப் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. அப்பா வயிற்றை அறுத்த அதே 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்றைக்கு அதே நோய்க்கு இரண்டு வார மாத்திரை. அப்பாவுக்கு அந்த இரண்டு வாரம் சில வருடங்கள் தாமதமாக வந்துசேர்ந்தது, அவ்வளவுதான்.

எடுத்துப்போட்ட அந்தக் கீழ்ப்பகுதிதான் வயிற்றின் ஆட்டுக்கல். அது உணவைப் போட்டு அரைக்கும். அதற்கு அடுத்து ஒரு வாசல், பைலோரஸ் என்பார்கள். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்டதை மட்டும்தான் அது உள்ளே விடும். பெரியதைத் திருப்பி அனுப்பி மறுபடி அரைக்கச் சொல்லும். அப்பாவுக்கு ஆட்டுக்கல்லும் போச்சு, வாசல் காவலும் போச்சு, கரைக்கிற அமிலமும் குறைந்துபோச்சு. மிச்சமிருந்த ஒரே அரவை இயந்திரம் வாயில் இருந்த பல். அதுவும் பல்செட். இப்படி ஒரு வயிற்றுக்குள்தான் நான் தினமும் சுளை சுளையாக ஆரஞ்சைத் தள்ளியிருக்கிறேன். நாரைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. இரைப்பை நிதானமாக அரைத்து அனுப்பினால் நார் நல்லது, குடலைச் சுத்தமாக வைக்கும். அரைபடாமல் தங்கினால் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகும். சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம்; கீழே போகப் போகக் குறுகும். உருண்டை மேலே தாராளமாக உருண்டு வந்து, கடைசியில் சிக்கும்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். எக்ஸ்ரேயில் ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகக் காற்றும் நீரும் நின்றன. சிறுகுடல் 3 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் அடைப்பு என்று சந்தேகிப்பார்கள். அப்பாவுக்கு நாலைத் தாண்டியிருந்தது. சி.டி. ஸ்கேனில் ஓர் இடம் வரை வீங்கிய குடல், அதற்குக் கீழே சுருங்கிப்போன குடல். இரண்டும் சந்திக்கிற இடத்தில் புள்ளிபுள்ளியாகக் காற்றுக்குமிழி அடங்கிய ஒரு கட்டி. பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் கழிவு தேங்கியிருந்தாலும் ஸ்கேனில் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியுமாம். சிறுகுடல் அடைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒட்டுதல்தான் காரணம், அது பல சமயம் கத்தியில்லாமலே விலகும். அதனால் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

"வைத்தியம் என்ன சார்?" என்று கேட்டேன்.

"வாய்க்கு ஒண்ணும் கிடையாது. மேல இருந்து உறிஞ்சி எடுக்கணும், கை வழியா தண்ணி ஏத்தணும். அவ்வளவுதான் இப்போதைக்கு."

இது ஒரு வைத்தியமா என்று நினைத்தேன். அன்று ராத்திரி உறிஞ்சி எடுக்கிற அந்த ரைல்ஸ் டியூப்பை மூக்கு வழியாக இரைப்பைக்குள் விட்டபோது என் எண்ணம் மாறியது. அப்பாவை உட்கார வைத்து, முகவாயை மார்பில் ஒட்டினமாதிரி குனியச் சொல்லி, "முழுங்குங்க, முழுங்குங்க, இன்னொரு வாய்" என்று சிஸ்டர் குழாயைத் தள்ளினார். கண்ணில் தண்ணீர் கொட்ட, அப்பா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தார். குழாய் உள்ளே போனதும் யாரும் எதுவும் செய்யாமலேயே பச்சை நிறத் தண்ணீர் பைக்குள் இறங்க ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் பாதிப் பை. காலைக்குள் 1,800 மில்லி. இரண்டு நாளாக ஒரு வாய் சாப்பிடாத மனிதரின் வயிற்றிலிருந்து!

எங்கிருந்து வருகிறது? எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் நம் குடலுக்குள் ஊறுகிறது. வழி சரியாக இருந்தால் அதில் பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. அடைத்துவிட்டால் தேங்கும், தேங்கினால் குடல் விரியும், விரிந்தால் இன்னும் ஊறும். உடம்பின் தண்ணீரும் உப்பும் குடலுக்குள்ளேயே சிறைப்பட்டு, வெளியே ரத்தம் வற்றும், சிறுநீர் குறையும். பல பேரை அந்தக் காலத்தில் கொன்றது இதுதான். அமெரிக்காவில் மினசோட்டாவில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற சர்ஜன் 1930-களின் தொடக்கத்தில், மூக்குக் குழாயைப் போட்டு விடாமல் உறிஞ்சி எடுத்தாலே நிறையப் பேர் பிழைக்கிறார்கள் என்று காட்டினார். கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் அடுத்த நாள் காலை அப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் நான். மத்தளம் தளர்ந்திருந்தது.

ஏறுகிற பக்கம் இரண்டு பாட்டில், இறங்குகிற பக்கம் இரண்டு பை. சிஸ்டர் மணிக்கொரு தரம் சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து எழுதுவார். மணிக்கு 30 மில்லியாவது இறங்கினால் சிறுநீரகத்துக்கு நீர் போதுகிறது என்று கணக்கு. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, வாந்தியில் போய்விடுமாம். அது குறைந்தால் குடல் தசைக்கு வேலை செய்யத் தெம்பிருக்காது என்று டிரிப்ஸில் கலந்து மெதுவாக ஏற்றினார்கள். நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய? கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அப்பாவுக்குப் பசியில்லை, தாகம்தான். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் தடவலாம் என்றார்கள். தடவும்போது அந்தப் பஞ்சை உதட்டால் கவ்விக்கொண்டு விட மாட்டார். விரலால் மெதுவாக இழுக்க வேண்டும். ஐம்பது வருடமாக வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு போட்ட மனிதரின் வாயிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை இழுப்பது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் சித்தப்பா வந்தார். ஸ்கேன் தாளைப் படித்து, அதில் 'பீசோர்' (வயிற்றில் செரிக்காமல் திரண்ட உருண்டை) என்று சந்தேகமாகப் போட்டிருந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் போனில் தேடியிருக்கிறார். "கோகோ-கோலா குடிச்சா கரைஞ்சிடுமாம்! ஆபரேஷனே வேண்டாமாம்!" பையில் ஒரு பெரிய பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் சிரிக்கக்கூட இல்லை.

"நிஜம்தான் சார். 2002-ல கிரீஸ்ல அஞ்சு பேருக்கு மூக்குக் குழாய் வழியா 12 மணி நேரத்துல 3 லிட்டர் விட்டுக் கரைச்சிருக்காங்க. அப்புறம் 2013-ல பலரோட அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தாங்க. 46 பேர்ல பாதிப் பேருக்குக் கோலாவே போதுமா இருந்துச்சு. எண்டோஸ்கோப்பியில உடைச்சும் எடுத்தவங்களைச் சேர்த்தா பத்துல ஒன்பது பேருக்குப் பலன். ஆனா அது இரைப்பையில இருக்கிற உருண்டைக்கு. இவருக்குக் குடல் கடைசியில நிக்குது. மேல ஊத்தினா அங்க போய்ச் சேராது, வயிறுதான் உப்பும். இரைப்பையில இருக்கிறதுகூட அரைகுறையா கரைஞ்சா, மிச்சம் நழுவிக் குடல்ல வந்து அடைச்சுக்கும்."

சித்தப்பா பாட்டிலை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் என் கோபத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆரஞ்சு வாங்கி வந்த எனக்கும் கோலா வாங்கி வந்த அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் படித்தது சரியான தகவல். வயிறுதான் வேறு.

இந்த பீசோர் பழைய சொல். பாரசீகத்தில் நஞ்சு முறிக்கும் பொருள் என்று அர்த்தம். ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த இப்படிப்பட்ட கல்லை ராஜாக்கள் விஷத்துக்கு மருந்தென்று பொன்னுக்கு நிகராக வாங்கி வைத்திருந்தார்கள். மாட்டுப் பித்தப்பையில் கிடைக்கும் நம் கோரோசனைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு சர்ஜன் அம்புரோஸ் பாரே, மரண தண்டனை பெற்ற ஒரு சமையல்காரனுக்கு விஷத்தையும் இந்தக் கல்லையும் கொடுத்துச் சோதித்து, கல் எதையும் முறிக்காது என்று காட்டினார். சமையல்காரன் துடித்துத்தான் செத்தான். பழ நாரால் ஆன உருண்டைகளில் மிகக் கெட்டியானது பெர்சிமன் என்ற பழத்தால் வருவது. பழுக்காத காயில் உள்ள துவர்ப்புப் பொருள் அமிலத்தில் பட்டுப் பசையாக இறுகிவிடும். அதற்குக் கோலாவும் அவ்வளவாகப் பலிக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் குழாய் வழியாக 100 மில்லி காஸ்ட்ரோகிராஃபின் விட்டு, இரண்டு மணி நேரம் குழாயை மூடி வைத்தார்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் திரவம் அது. ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவு என்பதால் குடல் சுவரிலிருந்து தண்ணீரை உள்ளே இழுத்து, வீக்கத்தைக் குறைத்து, சில சமயம் அடைப்பையே விடுவித்துவிடும். சோதனையும் அதுதான், மருந்தும் அதுதான். 24 மணி நேரத்துக்குள் அந்த வெள்ளை பெருங்குடலை எட்டிவிட்டால் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. எட்டாவிட்டால் காத்திருப்பதில் அர்த்தம் குறைவு. எந்தக் கெட்ட அறிகுறியும் இல்லாவிட்டாலும் மூன்று நாளுக்கு மேல் பொதுவாகப் பொறுக்க மாட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்கள். எனக்கே தெரிந்தது. வெள்ளை இறங்கி வந்து, வலது பக்கம் கீழே, கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது.

ஆபரேஷன் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்; நான் வெளியே இருந்தேன். குடல் ஒட்டியிருக்கவில்லை. பெருங்குடல் தொடங்க அரை மீட்டர் இருக்கும்போது உருண்டை சிக்கியிருந்தது. முதலில் குடலைத் திறக்காமல், மாட்டுக் காம்பைக் கறப்பதுபோல விரலால் நீவி நீவிப் பெருங்குடலுக்குள் தள்ளப் பார்த்தார்களாம். அங்கே போய்விட்டால் தானே வெளியேறிவிடும். நகரவில்லை. கொஞ்சம் மேலே, நல்ல குடல் இருக்கும் இடத்தில், நீளவாக்கில் சின்னதாக வெட்டி எடுத்துவிட்டு, குறுக்குவாக்கில் தைத்தார்கள். நீளவாக்கிலேயே தைத்தால் அந்த இடம் குறுகிவிடும். அப்புறம் மேலிருந்து கீழ்வரை குடல் முழுவதையும் இரைப்பையையும் தடவிப் பார்த்தார்கள். இப்படி ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கலாமாம். இருக்கவில்லை. குடல் நிறமும் நன்றாக இருந்தது.

சர்ஜன் வெளியே வந்து எஃகுத் தட்டில் அதைக் காட்டினார். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் நீளம். பழுப்பும் மஞ்சளுமாக, நனைந்த கந்தலைச் சுருட்டின மாதிரி. சர்ஜன் இடுக்கியால் ஓரத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு சுளைத் தோல் முழுசாக, நரம்போடு, நான் உரித்துக் கொடுத்த அதே வடிவத்தில் இருந்தது.

"எதாவது பழம் நிறைய சாப்பிடுவாரா?" என்றார்.

தலையாட்டினேன்.

அப்புறம் ஆரம்பித்ததுதான் அந்தக் காற்று விசாரணை. வயிற்றைத் திறந்து கை வைத்தாலே குடல் கோபித்துக்கொண்டு வேலை நிறுத்தம் செய்யும். சிறுகுடல் ஒரு நாளைக்குள் சமாதானமாகிவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடல் இரண்டு மூன்று நாள் பிகு பண்ணும். மொத்தக் குழாயும் விழித்துக்கொண்டது என்பதற்குக் காற்று பிரிவதுதான் சங்கு. சூயிங்கம் மென்றால் சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து சீக்கிரம் விழிக்கும் என்று சின்ன டாக்டர் சொல்ல, நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். மேல் பல்செட்டும் கீழ் பல்செட்டும் ஒட்டிக்கொண்டு அப்பாவுக்கு வாயே திறக்கவில்லை. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. அதற்குப் பதிலாக வராந்தாவில் நடந்தோம், டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு, காலையில் நாலு சுற்று, மாலையில் ஆறு.

புதன்கிழமை ராத்திரி இரண்டு மணி இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தேன். தோளில் ஒரு விரல் தட்டியது.

"ஏம்மா, அவங்ககிட்ட சொல்லிடு."

"எதைப்பா?"

"அதைத்தான்."

அந்த நேரத்தில் சிஸ்டர் மேசைக்கு ஓடி, "பிரிஞ்சிடுச்சு!" என்று நான் சொன்னது பக்கத்து வார்டுக்கும் கேட்டிருக்கும்.

காலையில் குழாயை எடுத்தார்கள். மணிக்கு இரண்டு மூன்று கரண்டி தண்ணீர். அடுத்த நாள் தெளிந்த திரவங்கள், அதற்கடுத்து குழைந்த சாப்பாடு. வீட்டுக்கு வரும்போது கொடுத்த தாளில் நான் சேர்த்த எல்லாவற்றையும் பெயர் பெயராகத் தடை செய்திருந்தார்கள்: தவிடு, உலர்ந்த பழம், பச்சைக் கேரட், ஆரஞ்சுச் சுளை. நார்ச்சத்தே கூடாது என்று அர்த்தமில்லை. தோல் சீவி, விதை எடுத்து, நன்றாக வேக வைத்து, மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக. மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் ஒரு தூள். அது குடலுக்குள் தண்ணீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும், பருமனைக் கூட்டாது. ஆனால் மறுபடி வலியும் வாந்தியும் வந்து, காற்றும் பிரியாமல் நின்றால் அந்தத் தூளையும் தொடாமல், பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நேரே கூட்டி வரச் சொன்னார்கள். அந்த வரிக்கு அடியில் நான் சிவப்பு மையில் கோடு போட்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பல்செட் தளர்ந்திருந்தது, அதையும் மாற்றினோம். என்னைக் கேட்டால் மருந்து எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியமான வைத்தியம்.

ஆறு வாரம் கழித்து மறுபடி காட்டப் போனோம். தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேறென்ன ஐயா, எதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆரஞ்சு?" என்றார்.

"சாறு குடிங்க. சக்கையைத் துப்பிடுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பேசவில்லை. தட்டில் பார்த்த அந்தச் சுளையைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. ஆனால் சித்தப்பா சொல்லாமல் விட்டிருப்பாரா என்ன? வீடு வரப் போகிற நேரத்தில், முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"பழம் நல்ல இனிப்பாத்தான்மா இருந்துச்சு."